காலுக்கென்று சொன்ன கிளிசரின்

பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தை றெஜினா தயார் செய்துவிட்டாள். வணக்கம், எனக்கு ஒரு சின்னப் போத்தல் கிளிசரின் வேண்டும். இவ்வளவுதான். இந்த நாட்டுக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஜேர்மன் மொழியில்தான் வேலை செய்கிறாள், சண்டை பிடிக்கிறாள், ஒருமுறை பெரிய சமையல்காரனையே கண்கலங்க வைத்திருக்கிறாள். ஆனாலும் ஒரு கடையின் கண்ணாடிக் கதவைக் கண்டால் அந்த மொழி நாக்கிலிருந்து இறங்கி எங்கேயோ போய் ஒளித்துக்கொள்ளும். ஆகவே ஒரு தரம் மனதுக்குள், ஒரு தரம் உதட்டால், இன்னொரு தரம் கழுத்துச் சால்வைக்குள் மெல்லிய சத்தமாகவும் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கப் போகிறாளாக்கும் என்று றெஜினா கால்களை ஒதுக்கி இடம் விட்டாள். அவள் இறங்கவில்லை. சரி, வைத்திருக்கட்டும், பை அவளுடையது. இன்று வியாழன், நாளை மறுநாள் மகன் யூலியனுக்குக் கலியாணம், இன்று ஐசிங் பூசினால்தான் நாளைக்குக் காய்ந்து சனி காலை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம். பூடர் சீனி இருக்கிறது, முட்டை இருக்கிறது, எலுமிச்சம்பழம் இருக்கிறது, கிளிசரின் இல்லை. ஒரு தேக்கரண்டி போதும். அந்த ஒரு தேக்கரண்டி இல்லாவிட்டால் ஐசிங் காய்ந்து கல்லாகிவிடும், கத்தி இறங்காது. கத்தி இறங்காத கலியாணக் கேக் ஒன்றை அவள் வாழ்க்கையில் கண்டிருக்கிறாள், தன்னுடையதையே கண்டிருக்கிறாள், இன்னொன்றைக் காண அவளால் முடியாது. மற்றச் சாமான்கள் எல்லாம் எப்படியோ சேர்ந்துவிட்டன. ரவை வியட்நாம்காரரின் கடையில், பன்னீர் துருக்கிக் கடையில், அந்த மனுசன் ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்காமல் ஒரு பேரீச்சம்பழத்தையும் கையில் வைத்து அனுப்பினான். இஞ்சிப்பாகை அவளே காய்ச்சினாள். கிளிசரின் மட்டும் இந்த ஊரில் எந்தத் தட்டில் குந்தியிருக்கிறது என்று தெரியவில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கேக் சாமான்களுக்கென்றே ஒரு சுவர் நீளத்துக்குத் தட்டு. நிறச் சீனி, வெள்ளிக் குண்டுமணி, வனிலாச் சீனிப் பைக்கற்று, குதிரைக்குக் கொம்பு முளைத்த மெழுகுதிரி, எல்லாம் இருந்தன. அங்கே நின்ற பெடியன் அவளைப் பசை விற்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கேயிருந்து சவர்க்காரக் கடை, சவர்க்காரக் கடைக்காரி சொன்னாள், மருந்துக்கடையில் கேளுங்கள் என்று.

மருந்துக்கடையில் வரிசை இருந்தது, அது ஒரு விதத்தில் நல்லது, இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்க்கலாம். முன்னால் ஒரு கிழவர், அவருடைய நாய், நாய்க்கும் ஒரு மழைக்கோட்டு. கற்பூர மிட்டாய் வாசம். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட இளம்பெண், வெள்ளைக் கோட்டு, முகத்தில் கடுமை ஒன்றும் இல்லை, ஆனாலும் வெள்ளைக் கோட்டு வெள்ளைக் கோட்டுத்தான். போத்தல் சின்னதாக இருக்கவேண்டும். பெரிது கேட்டால் ஏன் இவ்வளவு என்று யோசிப்பார்கள். இரண்டு கேட்கவே கூடாது. இவ்வளவு பயம் எதற்கு என்று அவளுக்கே ஒரு பக்கத்தில் சிரிப்பாக இருந்தது, இன்னொரு பக்கத்தில் உள்ளங்கை வேர்த்தது. கிளிசரினில் இருந்து வேறு என்னவெல்லாம் செய்வார்கள் என்று ஊரில் இருந்த காலத்தில் எல்லாருக்கும் தெரியும், தெரியாதவர்களும் தெரிந்த மாதிரிக் கதைப்பார்கள். ஆனால் இது வேறு நாடு, வேறு காலம், அவள் ஐம்பது தாண்டிய ஒரு பொம்பிளை, தலையில் கம்பளித் தொப்பி, கையில் ஈரக்குடை. ஒரு போத்தல் கிளிசரினை வைத்து அவள் எதைத் தகர்க்கப் போகிறாள். நாய் திரும்பி அவளைப் பார்த்தது. கிழவர் போனார். வணக்கம், எனக்கு ஒரு சின்னப் போத்தல் கிளிசரின் வேண்டும். வாக்கியம் வந்துவிட்டது, முழுசாக வந்துவிட்டது, சத்தம்தான் களவாகக் கேட்பவளின் சத்தமாக இருந்தது.

"கிளிசரின்," என்றாள் அந்தப் பெண், எல்லாருக்கும் கேட்கத் தக்கதாக. "எதற்கு என்று கேட்கலாமா?"

கேக்குக்கு. ஒரு சொல். ஜேர்மனிலும் ஒரு சொல்தான். அந்தச் சொல் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைவரைக்கும் வந்தது, தொண்டையில் யாரோ மறித்தார்கள்.

"காலுக்கு," என்றாள் றெஜினா. "குதிக்கால். வெடிப்பு."

"ஓ, அதற்குக் கிளிசரினை விட நல்லது இருக்கிறது," என்று அந்தப் பெண் உடனே முகம் மலர்ந்தாள். அலுமாரிப் பக்கம் போய் நீல நிறக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தாள், இரவில் பூசிவிட்டுக் காலுக்கு மேசு போட்டுக்கொண்டு படுக்கவேண்டும், ஒரு கிழமையில் குதிக்கால் குழந்தையின் கன்னம் மாதிரி ஆகிவிடும், தன் தாயாருக்கும் இதே தொல்லை, இதே மருந்து. இவ்வளவு நல்ல மனதோடு ஒருத்தி கதைக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. றெஜினா தலையாட்டினாள். நன்றி சொன்னாள். இன்னொரு தரமும் நன்றி சொன்னாள். கதவு தானாகத் திறந்து அவளை வெளியே விட்டது, கைப்பைக்குள் கால் பூச்சு.

மருந்துக்கடைக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் மழைக்கு ஒரு கண்ணாடிக் கூடு, உள்ளே இருப்பதற்கு ஒரு வாங்கு. அங்கே போய் இருந்தாள். இனி என்ன செய்வது என்று யோசிக்கத்தான் இருந்தாள், ஆனால் யோசனை எப்போதாவது சொன்ன இடத்துக்குப் போயிருக்கிறதா, அது தன்பாட்டில் ஊருக்கு, பாசையூர் தேவாலய மண்டபத்துக்குப் போய் நின்றது. அவளுடைய கலியாணம். யுத்தத்தால் வந்த சாமான் தடைக் காலம், சவர்க்காரம் இல்லை, மெழுகுதிரி இல்லை, மண்ணெண்ணெயை மருந்து மாதிரி அளந்து ஊற்றி ஜாம் போத்தல் விளக்கு எரித்த காலம். அந்தக் காலத்திலும் கலியாணத்துக்குக் கேக் வேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள், வெட்கமில்லாமல் நின்றாள். கேக் அடிப்பதற்குப் பேர்போன திரேசம்மா ரீச்சர் சீனியை உரலில் இடித்து, மெல்லிய சீலையில் அரித்து, எந்த எந்த வீட்டுக் கோழியிலோ முட்டை சேர்த்து, கடைசியில் வந்து சொன்னா, "பிள்ளை, கிளிசரின் எங்கயும் இல்லை. பெரிய கடைக்காரன் பேரைக் கேட்டவுடன கதவைச் சாத்திப்போட்டான். அது போடாமல் பூசினால் பிறகு நான் பொறுப்பில்லை." கிளிசரின் தடைப் பட்டியலில் இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் றெஜினாவுக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் பட்டியலில் இல்லாததற்கும் பயந்தார்கள். பூசுங்கோ ரீச்சர் என்று சொன்னவளும் அவள்தான். பார்க்க எவ்வளவு வடிவாக இருந்தது. ஜாம் போத்தல் வெளிச்சத்தில் மூன்று தட்டு வெள்ளை, ஓரத்தில் முத்து முத்தாக. கத்திக்கு நாடா கட்டியிருந்தது. மரியநாயகம் அவளுடைய கைக்கு மேலே தன் கையை வைத்தார், இருவருமாக அழுத்தினார்கள், கத்தி வழுக்கியது. திரும்ப அழுத்தினார்கள். யாரோ சிரித்தார்கள். சின்னமாமா பின்னாலிருந்து, "சீமெந்தும் தடையெல்லோ, உங்களுக்கு மட்டும் எங்கால கிடைச்சது?" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது, அவளும் சிரித்திருப்பாள், ஆனால் மரியநாயகத்தின் காது சிவந்துவிட்டது. அவர் தன் முழுப் பலத்தையும் போட்டு அழுத்தினார், அவளுடைய மோதிரம் அவளுடைய விரலையே அறுத்தது, ஐசிங் படாரென்று வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு குழந்தை வீரிட்டது, வாசல் பக்கம் இருந்தவர்கள் குனிந்தேவிட்டார்கள். அது கேக்தான் என்று தெரிந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு அந்த மனிதர் தன் வாழ்நாள் முழுக்க எதையும் அழுத்தித்தான் செய்தார். கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. கதவைச் சாத்துவதும், கரண்டியை வைப்பதும், பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதும்கூட அழுத்தித்தான். மெதுவாக ஒரு சொல் சொல்லத் தெரியாமலே அவர் செத்துப்போய் மூன்று வருடமாகிறது. அதெல்லாம் ஒரு கரண்டி கிளிசரினால் வந்தது என்று நம்புவதற்கு அவள் பைத்தியக்காரி இல்லை. நம்பாமல் விடுவதற்கும் அவளால் முடியவில்லை, அதுதான் தொல்லை.

ஏனென்றால் தங்கச்சி யசிந்தாவின் கதை இருக்கிறதே. அவளுடைய கலியாணத்துக்கு றெஜினா கொழும்பிலிருந்து ஒரு போத்தல் கிளிசரின் கொண்டுபோனாள். பாஸ்போட் அலுவலாகப் போனவள், திரும்பி வரும்போது உள்பாவாடைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தாள். இராணுவச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டினார்கள். ஒரு பெடியன், யூலியனின் இப்போதைய வயதுகூட இருக்காது, போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்து, மூடியைக் கழற்றி மணந்து, இது என்ன என்று கேட்டான். அவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேக் என்றாள். கேக்கா என்று அவன் சிரிக்காமல் கேட்டான். இன்னொருவனைக் கூப்பிட்டான். இருவரும் அவளை ஒரு பக்கமாக வெயிலில் நிற்க வைத்தார்கள். பஸ் சனங்கள் எல்லாம் போனார்கள், அவள் நின்றாள். நாக்கு வறண்டு கண் இருண்டு வந்தது. கேக்கா என்று அவர்கள் கேட்ட ஒவ்வொரு தரமும் அவள் கேக் என்றே சொன்னாள், உண்மை அதுதானே. கடைசியாக அடுத்த வரிசையில் கோழிக்கூட்டோடு நின்ற ஒரு மனுசி வாயைத் திறக்காமல் பல்லுக்குள்ளால் சொன்னா, "காலுக்கெண்டு சொல்லு பிள்ளை. வெடிப்புக்கெண்டு காட்டு." றெஜினா செருப்பைக் கழற்றிக் குதிக்காலைக் காட்டினாள். செம்மண்ணில் வெடித்த கால். அதைப் பார்த்தவுடன் அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. போ என்று விட்டார்கள். போத்தலை மட்டும் மணலில் கவிழ்த்து ஊற்றினார்கள்; அவள் பையைக் கட்டி முடிப்பதற்குள் அந்த ஈரத்தில் எறும்பு வந்துவிட்டது. உண்மை சொன்னபோது வெயில், பொய் சொன்னபோது பஸ். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் ஒருத்தி அவளிடம் கிளிசரின் எதற்கு என்று கேட்டாள், வாய் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டது. யசிந்தாவின் கலியாணத்தன்று விடாமல் மழை, கிளிசரின் இல்லாமலே ஐசிங் ஈரங்கோத்துச் சேறு மாதிரி இருந்தது, கத்தி தன்பாட்டில் அடிவரைக்கும் போனது. இப்போது அவள் கனடாவில். புருசன் காலையில் தேநீர் போட்டுக் கொண்டுவந்து எழுப்புகிறானாம். அதை ஒவ்வொரு போனிலும் சொல்வாள், சொல்லாமல் விட்டால் அவளுக்கு நித்திரை வராது போல. றெஜினாவும் ஒவ்வொரு தரமும் அப்பிடியோ, நல்லது என்பாள், பிறகு தன்னுடைய தேநீரைத் தானே போட்டுக்கொண்டு வந்து யன்னலோரம் இருப்பாள். எதிர்வீட்டுக்காரி பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கை காட்டுவாள். சில நாட்களில் அந்தக் கை ஒன்றுதான் அவளைப் பார்த்து அசைகிற கை.

பஸ் ஒன்று வந்து நின்று, கதவைத் திறந்து, அவள் எழும்பாததைப் பார்த்துவிட்டுப் போனது. அவளுடைய பஸ்தான். போகட்டும். கிளிசரின் இல்லாமல் வீட்டுக்குப் போய் என்ன செய்வது. யூலியன் கேட்டது இது ஒன்றுதான். தகப்பன் செத்த அடுத்த வருடம் ஹம்பேர்க்குக்குப் போனவன், மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு வருவான், பிறந்தநாளுக்குப் பூ அனுப்புவான், நல்ல பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. எல்லாம் அவனிடம் இருந்தன. மண்டபம் அவர்களே பார்த்தார்கள், உடுப்பு அவர்களே, சாப்பாட்டுக்கு, மருமகளாக வரப்போகிற லேனாவின் தமையனின் சிநேகிதன். நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம் அம்மா, வந்து சந்தோசமா இருங்கோ. வந்து சந்தோசமாக இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனுக்குத் தெரியாது. பிறகு ஒரு ஞாயிறு போன் வந்தது.

"அம்மா, கேக் நீங்கள் செய்வீங்களா?"

"என்ன கேக்?"

"கலியாணக் கேக். நீங்கள் நத்தாருக்குச் செய்யிற கேக்தான். லேனா அதைத்தான் கேக்கிறா. போன நத்தாருக்கு அவ களவா நாலு துண்டு சாப்பிட்டவ."

றெஜினாவுக்கு அப்படியே நாற்காலியில் இருக்கவேண்டி வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேலையையும் பாடிக்கொண்டே செய்தாள். முந்திரிகைவற்றலைப் பிராண்டியில் ஊறவைத்த நாள் தொடக்கம் இந்த வியாழன் வரைக்கும் அவளுடைய வீட்டில் ஆள் இருக்கிற மாதிரியே இருந்தது. ஆனால் யூலியன் அன்றைக்கு இன்னொரு வாக்கியமும் சொன்னான். இந்த இடத்துக்கு வந்தால் அவளுடைய நினைவு ஒவ்வொரு தரமும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும், ரவை வறுத்தது, பூசணிப்பாகு பதம் தப்பப் பார்த்தது என்று எதையாவது பிடித்துக்கொண்டு ஓடிவிடும். இப்போது மழை, பஸ் இல்லை, ஓட இடமில்லை. மேல ஒண்டும் பூசவேண்டாம் அம்மா. ஐசிங் வேண்டாம். லேனாவுக்கு வெறும் கேக்தான் விருப்பம், இப்ப இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான், மேல ரெண்டு ரோசாப்பூ மட்டும் வைப்பம். அவள் ம் என்றாள். ம் என்றால் கேட்டது என்று அர்த்தம், சரி என்று அர்த்தமில்லை. இவ்வளவு காலம் அவளோடு இருந்த பிள்ளைக்கு அது தெரிந்திருக்கவேண்டும். வெறும் கேக். அந்தச் சொல்லே அவளுக்குப் பிடிக்கவில்லை. மரியநாயகம் போனதிலிருந்து வீட்டில் எல்லாமே வெறும்தான், வெறும் கட்டில், வெறும் கோட்டுக் கொளுக்கி, வெறும் தேநீர். கலியாணத்துக்கும் ஒரு வெறும் கேக்கைத் தூக்கிக்கொண்டு போய் அத்தனை பேருக்கு முன்னால் வைப்பதா. லேனாவின் தாய் பார்ப்பா, பெடியனின் தாய்க்கு மேலே பூசுவதற்குக்கூட ஒன்றும் இருக்கவில்லை என்று நினைப்பா. பூசிக்கொண்டு போனால் என்ன செய்வார்கள், சுரண்டியா எறிவார்கள். வெள்ளையாக, மெதுவாக, வெண்ணெய் மாதிரி. இருவரும் கைவைத்தவுடன் கத்தி இறங்கும், மண்டபத்தில் ஒருவருக்கும் அதில் ஒன்றும் விசேசமாகத் தெரியாது, அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். எழும்பினாள். குடையை விரிக்காமலே வீதியைக் கடந்தாள்.

இப்போது வரிசையில் யாரும் இல்லை. கண்ணாடிப் பெண் நிமிர்ந்து பார்த்து, "கால் பூச்சில் ஏதாவது பிழையா?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றாள் றெஜினா. "நான் பொய் சொன்னேன். காலுக்கு இல்லை. கேக்குக்கு. கிளிசரின் கேக்குக்கு. சனிக்கிழமை என் மகனுக்குக் கலியாணம்." ஜேர்மன் சொற்கள் ஒன்றும் சரியான வரிசையில் வரவில்லை, ஆனால் எல்லாம் வந்துவிட்டன. சொல்லிவிட்டு அவள் நின்றாள், தன்னை ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள் என்ற மாதிரி நின்றாள். காதில் பழைய வெயில் இரைந்தது.

"கலியாணமா?" என்றாள் அந்தப் பெண். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள், வந்து றெஜினாவின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "வாழ்த்துகள். உங்களுக்குச் சந்தோசமாக இருக்குமே."

இந்தக் கலியாணத்துக்காக அவளுடைய கையைப் பிடித்து வாழ்த்திய முதல் ஆள் இவள்தான் என்பது றெஜினாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலையிடத்தில் லீவு கேட்டபோது குடும்ப அலுவல் என்று மட்டும் சொன்னாள். எதிர்வீட்டுக்காரிக்குச் சொல்லவில்லை, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூக்கு கசிந்தது. ஓம் என்று தமிழில் சொன்னாள், பிறகு ஜேர்மனில் சொன்னாள். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு மண்ணிறச் சின்னப் போத்தலோடு வந்தாள், இது சுத்தமானது, சாப்பாட்டிலும் சேர்க்கலாம் என்றாள்.

"கேக்கில் இதை எங்கே போடுவீர்கள்? நானும் இடைக்கிடை கேக் செய்வேன், இதைக் கேள்விப்பட்டதில்லை."

"மேலே பூசுகிற வெள்ளைக்கு. ஒரு கரண்டி. கல்லாகாமல் இருக்க."

"என் தோழிகள் தங்கள் கலியாணங்களுக்கு ஒன்றும் பூசவேண்டாம் என்றுவிட்டார்கள். வெறும் கேக், பூ மட்டும். உங்கள் மருமகள் பூசச் சொன்னாளாக்கும். அதுவும் வடிவுதான்."

இல்லை என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் ஒரு பொய்யை இப்போதுதான் திருப்பிக் கொடுத்தவள், அதே கவுண்டரில் இன்னொன்றை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்லை," என்றாள். "அவளும் வெறும் கேக்தான் கேட்டாள்."

"அப்போ இது எதற்கு?"

அந்தப் பெண் குற்றம் பிடிக்கக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டாள், கண்ணாடிக்குப் பின்னால் கண் பெரிதாகத் தெரிந்தது. றெஜினா போத்தலைப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை, சாய்த்தால் மெதுவாகச் சாய்ந்தது. மண்டபம், ஜாம் போத்தல் விளக்கு, மோதிரம் அறுத்த விரல், இதையெல்லாம் எந்த வினைச்சொல்லில் தொடங்குவது. "தெரியாது," என்றாள் கடைசியில், "கையில் இருந்தால் ஒரு தைரியம்." அந்தப் பெண் போத்தலை ஒரு கடதாசிப் பைக்குள் வைத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை வெயில் வருமாம் என்றும் சொன்னாள்.

வீட்டில் கேக் மேசையில் வெள்ளைத் துணி போர்த்துக்கொண்டு இருந்தது. பக்கத்தில் குட்டியாக இன்னொன்று, மிஞ்சின கலவையை வீணாக்காமல் சின்னத் தட்டில் ஊற்றியது. ஐசிங்கை முதலில் இதில் பூசிக் கத்தி இறங்குகிறதா என்று பார்க்கத்தான் அதை ஊற்றினாள். கோட்டைக் கழற்றாமலே நின்றாள். பூடர் சீனி, முட்டை, எலுமிச்சம்பழம், இப்போது கிளிசரின், எல்லாம் வரிசையாக இருந்தன, அவள் கையை எடுத்து வைத்தால் வேலை தொடங்கிவிடும். வைக்கவில்லை. லேனா களவாகச் சாப்பிட்ட நாலு துண்டு ஞாபகம் வந்தது. அந்த நத்தாருக்கு மேலே என்ன பூசியிருந்தாள்? ஒன்றும் பூசவில்லை. தனியாக இருக்கிறவளுக்கு ஐசிங் எதற்கு என்று விட்டுவிட்டாள், அது பெரிய துக்கமாக இருந்தது அப்போது. அந்தப் பிள்ளைக்கு அந்த வெறும் கேக்தான் பிடித்திருக்கிறது. அதைத்தான் கலியாணத்துக்குக் கேட்டிருக்கிறாள். இதை விளங்கிக்கொள்ள ஒரு பின்னேரம் மழையில் நனையவேண்டி வந்துவிட்டது. கத்தியை எடுத்தாள், குட்டிக் கேக்கின் நடுவில் வைத்தாள். வைத்தவுடன் மற்றக் கையும் தானாக வந்து அந்தக் கைக்கு மேல் குந்திக்கொண்டது, மரியநாயகத்தின் கை இருந்த இடத்தில், அழுத்துவதற்கென்று. அழுத்த வேலையிருக்கவில்லை. கத்தி தன் பாரத்திலேயே இறங்கி, முந்திரியையும் பூசணிப்பாகையும் ஒரு சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டு, தட்டில் போய் முட்டியது. பிராண்டியும் பன்னீரும் மணத்தன. ஐசிங்தான் கல்லாக இருந்தது, அன்றைக்கும் அதற்குள்ளே இருந்த கேக் மெதுவாகத்தான் இருந்திருக்கும். அதைப் பற்றி அவளோ அவரோ ஒரு நாளும் கதைத்ததில்லை. மேல் கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்று அழுதாள்.

போன் அடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா, கேக் என்ன மாதிரி?" என்றான் யூலியன். பின்னால் லேனாவின் சிரிப்புக் கேட்டது. "உண்மையைச் சொல்லுங்கோ, மேல பூசிப்போட்டீங்களோ? நீங்கள் ம் எண்டு சொன்னதில எனக்குச் சந்தேகம்."

தெரிந்துதான் இருக்கிறது பிள்ளைக்கு. "பூசேல்லை," என்றாள். "வெறுமனேதான் இருக்கு. கத்தி நல்லா இறங்குது."

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை. லேனாட்ட ரோசாப்பூவை மறக்கவேண்டாமெண்டு சொல்லு."

போனை வைத்துவிட்டு வெட்டிய கேக்கில் இரண்டு துண்டை ஒரு கோப்பையில் எடுத்து வைத்து மூடினாள், நாளைக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டவேண்டும், சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும், அது இன்றைக்கு ஒருதரம் சொல்லிப் பழகியதுதான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு இருந்து, கால் மேசுகளைக் கழற்றினாள். சனிக்கிழமை சேலைக்கு முன்னும் பின்னும் திறந்த செருப்புத்தான் போடப்போகிறாள். குதிக்கால் உண்மையாகவே வெடித்துத்தான் கிடந்தது, இவ்வளவு நாளும் பார்க்க நேரமிருக்கவில்லை. நீலக் குழாயைத் திறந்து, கொஞ்சம் கையில் எடுத்து, அழுத்தாமல் பூசினாள்.